சிக்கெடுக்கும் வினை ஒன்றும் என் மேசையிலுள்ள அகராதிகளும்

ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவதை இருபது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருக்கும் எனக்கு நீளமான கலைச்சொற்கள் பெரிய தொல்லை தந்ததில்லை. அவற்றுக்குச் சொற்பட்டியல்கள் இருக்கின்றன, இல்லாதபோது ஆக்கிக்கொள்ளவும் முடிகிறது. தொல்லை தருபவை, பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு வினையோடு சின்னஞ்சிறு துணைச்சொல் ஒன்று ஒட்டிக்கொண்டு, இரண்டிலும் தனித்தனியே இல்லாத மூன்றாவதொரு பொருளைத் தரும் ஃபிரேசல் வெர்புகள்தாம். அண்மையில் குழந்தைகளின் எடைக்குறைவு பற்றிய அறிக்கை ஒன்றில், வறுமையின் விளைவையும் தாயின் கல்வியின் விளைவையும் ஆய்வாளர்கள் 'டீஸ் அபார்ட்' செய்ய முயன்றதாக ஒரு வாக்கியம் வந்தது. என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி அதைக் கைபேசியிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல யார் யாரைக் கிண்டல் பண்றாங்க?" என்று கேட்டான். வறுமையையும் கல்வியையும் ஆய்வாளர்கள் கிண்டல் செய்ததாகவே அந்தச் செயலி எழுதியிருந்தது.

சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். ஆனால், அந்த வினைக்கு நான் அதுவரை எழுதிவந்த 'பிரித்தறிதல்' என்பதும் அத்தனை சரியில்லை என்ற உறுத்தல் எனக்குப் பல காலமாகவே இருந்தது. எனவே மேசையிலும் அலமாரியிலும் இருக்கும் அகராதிகளை எடுத்து, 'டீஸ் அவுட்', 'டீஸ் அபார்ட்' என்னும் இந்த இரட்டையரை மட்டும் வைத்து ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தேன். ஓர் அகராதியை மதிப்பிட அதன் முன்னுரையைப் படிப்பதைவிட, நமக்கு உண்மையிலேயே இடறிய ஒரு சொல்லை அதில் தேடிப் பார்ப்பதே நேர்மையான வழி என்பது என் பழக்கம். சொல்லுக்குள் இருக்கும் படம் கண்ணுக்குத் தெரிகிறதா, செயப்படுபொருள் எங்கே உட்கார வேண்டும் என்று புரிகிறதா, அகராதியை மூடிவிட்டு நானே ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா என்பவையே நான் எதிர்பார்த்தவை.

அந்தப் படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வரும் மதிப்பீடு முழுவதும் அதன்மீதே நிற்கிறது. 'டீஸ்' என்றால் சீண்டுதல், கேலி செய்தல் என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்த வினை கம்பளியை இழுத்துப் பிரிப்பதையும் வாருவதையும் குறித்தது. செம்மறியாட்டின் உடம்பிலிருந்து கத்தரித்த கம்பளி, அழுக்கும் முள்ளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து திரித்திரியாக ஒட்டிக்கிடக்கும். நூற்பதற்கு முன்னால் அதை விரல்களாலோ பற்கள் பதித்த பலகையாலோ இழை அறுந்துவிடாமல் தளர்த்தியாக வேண்டும். கேலி என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தது. 'டீசல்' என்றொரு முட்செடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கொக்கி போல வளைந்த முட்களைக் கொண்ட அதன் உலர்ந்த பூந்தலையைக் கொண்டு நெய்த கம்பளித் துணியின் மேற்பரப்பை வருடி, மென்மயிர் எழும்பச் செய்தார்கள், அதற்காகவே இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் அந்தச் செடியைப் பயிரிட்டார்கள். மேடையில் பேசுபவரை இடைமறித்துக் கேள்வி கேட்பதைக் குறிக்கும் 'ஹெக்கிள்' என்ற சொல்லும் சணல் வகை நாரை வாரும் சீப்பின் பெயரிலிருந்து பிறந்தது என்பதைப் பார்க்கும்போது, நார் வாருகிறவர்களின் கையிலிருந்து ஆங்கிலத்துக்கு வாய்ச்சொற்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று வியப்பாக இருக்கிறது.

இந்தப் படம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கார்த்திகை நெருங்கினால் என் அம்மா திரி செய்ய உட்காருவார். கொட்டை நீக்கிய பஞ்சில் ஒரு சிட்டிகையை எடுத்து, இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, பிய்க்கவும் இல்லை பிய்க்காமலும் இல்லை என்கிற அழுத்தத்தில் இழுப்பார். இறுகிய உருண்டை மெல்ல மெல்லப் புகை போல விரியும், உள்ளே ஒளிந்திருந்த விதைத் துணுக்கு தானாகவே கீழே உதிரும். சற்று வேகமாக இழுத்தால் பஞ்சு இரண்டாக அறுந்துவிடும், இழுக்காமல் விட்டால் திரி கட்டிதட்டிப் போய் எண்ணெயை உறிஞ்சாது. டீஸ் என்னும் வினையின் உயிர் இந்த அழுத்த அளவில்தான் இருக்கிறது. எனவே ஓர் அகராதி 'பிரி' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், அது எலும்பைக் கொடுத்துவிட்டுச் சதையை வைத்துக்கொள்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அலமாரியிலிருந்து முதலில் வந்தது, பள்ளி நாள்களில் வாங்கிய ஆங்கிலம்-தமிழ்க் கையகராதி. எந்தப் பதிப்பகம் என்று சொல்லப்போவதில்லை; அதே வகையில் பத்துப் பதினைந்து அகராதிகள் கடைகளில் கிடைக்கின்றன, எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. 'டீஸ்' என்பதற்குக் கேலி செய், சீண்டு, தொந்தரவு கொடு என்று மூன்று பொருள் தந்து, அத்தோடு முடித்துக்கொள்கிறது. ஃபிரேசல் வெர்ப் என்ற இனமே அதில் இல்லை. கைபேசிச் செயலியின் தவறு எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை: அடிவினையின் இன்றைய பொருளைப் பிடித்துக்கொண்டு துணைச்சொல்லைக் கைவிட்டால் கிண்டல்தான் மிஞ்சும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இந்த அகராதியை வாங்கித் தருபவர்கள், அது பெயர்ச்சொல்லுக்கு உதவும், வினைக்கு உதவாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் போதும்.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. இதன் வரலாறு எனக்கு எப்போதும் பிடித்தமானது: ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, தாய்மொழியாக ஆங்கிலம் வாய்க்காத மாணவர்களுக்கென்றே தொகுத்து, 1942இல் டோக்கியோவில் முதலில் வெளிவந்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்த நூல் இது. வெளியாளின் இடறல்களைக் கண்டு எழுதிய அகராதி என்பது இன்றும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. வினையின் பொருள்களையெல்லாம் முடித்துவிட்டுப் பதிவின் இறுதியில் ஃபிரேசல் வெர்புகளைத் தனியே வைப்பதால் தேடுவது எளிது. டீஸ் அவுட் என்பதற்கு, முடி, கம்பளி முதலியவற்றின் சிக்கை மெல்ல இழுத்தோ வாரியோ நீக்குவதை முதற்பொருளாகவும், சிக்கலான ஒன்றின் பொருளையோ தகவலையோ நேரம் செலவிட்டுக் கண்டறிய முயல்வதை இரண்டாம் பொருளாகவும் வைக்கிறது. இந்த வரிசையே ஒரு பாடம் என்பேன். சிக்கெடுக்கும் கையை முதலில் பார்த்துவிட்டுக் கருத்தை ஆராயும் மனத்துக்கு வரும் வாசகன், இரண்டாவது பொருளிலும் அந்தக் கையை மறக்கமாட்டான். ஒரு கவிதையின் பொருளை மாணவர்கள் 'டீஸ் அவுட்' செய்கிறார்கள் என்றால், ஆசிரியர் கரும்பலகையில் பொருளை எழுதிப்போடவில்லை, வரிவரியாக நெகிழ்த்தி அவர்களே பார்க்கும்படி செய்தார் என்று விளங்கிவிடுகிறது.

லாங்மேன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ் இதே வினையைத் தலைகீழ் வரிசையில் தருகிறது. மறைந்திருக்கும் தகவலையோ ஒருவர் சொல்ல விரும்பாத தகவலையோ அறிந்துகொள்வதில் வெற்றி பெறுவது முதலிலும், ஒட்டிக்கிடக்கும் முடியையோ நூலையோ மெல்லத் தளர்த்துவது பிறகும் வருகிறது. இன்றைய வழக்கில் எது மிகுதியோ அதை முன்னே வைக்கும் முறையில் இதற்கு நியாயம் இருக்கிறது, ஆனால் படம் பின்னால் போய்விடுவதால் புரிதலுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் வரிசையே எனக்கு உகந்ததாகப் படுகிறது. மற்றபடி, பயன்பாடு என்று வந்தால் லாங்மேனுக்குத்தான் என் வாக்கு. 1978இல் முதற்பதிப்பு வந்த நாளிலிருந்து ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதுவது என்ற கட்டுப்பாட்டை அது வைத்திருக்கிறது. ஒரு சொல்லுக்கு விளக்கம் தேடிப்போய் அந்த விளக்கத்திலுள்ள சொல்லுக்கு மறுபடி விளக்கம் தேடும் அவலம் இதில் நேர்வதில்லை. வினைக்கும் துணைச்சொல்லுக்கும் நடுவில் அது போடும் இருதலை அம்புக்குறி, பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும், தமிழர்கள் மிகுதியாகத் தவறும் இடத்தைக் காக்கிறது.

அந்தத் தவற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தமிழில் வினை கடைசியில் வரும், அதற்கு முன்னால் இருக்கும் எதுவும் வேற்றுமை உருபு தாங்கியிருப்பதால் இடம் மாறினாலும் பொருள் மாறாது. 'உண்மையை அவரிடமிருந்து வரவழைத்தேன்' என்பதை எப்படிப் புரட்டிப் போட்டாலும் குடி முழுகிவிடாது. ஆங்கிலத்தில் அம்புக்குறி இடப்பட்ட வினைகளில் செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் துணைச்சொல்லுக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம்: 'டீஸ் அவுட் த ட்ரூத்' என்பதும் சரி, 'டீஸ் த ட்ரூத் அவுட்' என்பதும் சரி. ஆனால் அதுவே 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயராகிவிட்டால் நடுவில்தான் உட்கார வேண்டும். 'டீஸ் இட் அவுட்' என்பதே வழக்கு, 'டீஸ் அவுட் இட்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். உண்மை யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல 'அவுட் ஆஃப்' என்று நீட்ட வேண்டும் என்பதையும் லாங்மேன் எடுத்துக்காட்டோடு தடித்த எழுத்தில் வைத்திருக்கிறது. 'இடமிருந்து' என்ற நம் உருபு மனத்தில் இருப்பதால் நாம் இயல்பாகவே 'அவுட் ஃப்ரம்' என்று எழுதிவிடுகிறோம். என் பழைய கடிதங்கள் சிலவற்றில் நானே அப்படி எழுதியிருப்பதைப் பார்த்து நாணியிருக்கிறேன்.

இந்தச் சோதனையில் நான் நெடுநேரம் செலவிட்டது காலின்ஸ் கோபில்டின் ஃபிரேசல் வெர்ப் அகராதியோடு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், உண்மையான எழுத்தையும் பேச்சையும் கணினியில் திரட்டி, அந்தத் திரட்டிலிருந்தே பொருளைக் கண்டெடுப்பது என்ற முறையில் உருவான கோபில்டு அகராதி 1987இல் வந்தது. ஃபிரேசல் வெர்புகளுக்கான தனி நூல் 1989இல் தொடர்ந்தது. இதன் தனித்தன்மை, விளக்கத்தை முழு வாக்கியமாக எழுதுவது. 'கடினமான தகவலைப் பெறுதல்' என்று துண்டாக வெட்டிப் போடாமல், நீங்கள் ஒரு தகவலையோ தீர்வையோ டீஸ் அவுட் செய்தால், அது கடினமாக இருந்தும் அதைப் பெற்றுவிடுகிறீர்கள் என்ற போக்கில், 'இஃப் யூ' என்று தொடங்கி வினையை அதன் இயல்பான சூழலுக்குள் வைத்தே காட்டுகிறது. இதனால் ஒரே வாசிப்பில் பல செய்திகள் கிடைத்துவிடுகின்றன: இதைச் செய்பவர் ஓர் ஆள், அவர் செய்வது தகவல், தீர்வு, பொருள் போன்ற ஒன்றை, ஆளையே நேரடிச் செயப்படுபொருளாக்கி இந்த வினையை எழுதக் கூடாது. என் தம்பி பயிற்சிக்காக எழுதிய வாக்கியத்தில் சாட்சியை 'டீஸ் அவுட்' செய்ததாக எழுதியிருந்தான். சாட்சியை அல்ல, சாட்சியிடமிருந்து செய்தியை என்று திருத்துவதற்கு இலக்கண விதி எதையும் சொல்லாமல் கோபில்டின் வாக்கியத்தைக் காட்டியதே போதுமாயிற்று. முழு வாக்கிய விளக்கம் இடத்தை அடைக்கிறது, ஒரே வாய்பாடு பக்கந்தோறும் திரும்பி வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. வரிசையாகப் படித்தால் அலுப்புத் தட்டும். ஆனால் அகராதியை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை.

மூன்றையும் ஒருசேரத் திறந்து வைத்தபோதுதான், தனித்தனியே பார்த்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய ஒன்று கண்ணில் பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு 'முயல்வது' என்கிறது; லாங்மேனும் கோபில்டும் 'வெற்றி பெறுவது' என்கின்றன. மொழிபெயர்ப்பவனுக்கு இது சிறிய வேறுபாடு அன்று. குழு ஒன்று ஆறு மாதமாகக் காரணங்களை 'டீஸிங் அவுட்' செய்துகொண்டிருக்கிறது என்றால் வேலை நடக்கிறது, முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. 'டீஸ்டு அவுட்' என்று முடிந்த காலத்தில் வந்தால் கைக்கு வந்துவிட்டது. வெற்றி நிச்சயமில்லாத இடத்தில் அறிக்கை எழுதுபவர்கள் பெரும்பாலும் 'ட்ரை' என்ற சொல்லை முன்னே சேர்த்துக்கொள்கிறார்கள். ஆக, வினை ஒன்றுதான், காலமும் கூட வரும் சொல்லும் அதைச் செயலாகவோ பேறாகவோ ஆக்குகின்றன. தமிழில் 'ஆய்ந்து வருகின்றனர்' என்று எழுதுவதா 'கண்டெடுத்தனர்' என்று எழுதுவதா என்பதை அதன்படித்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த நுட்பத்தை எந்த ஒற்றை அகராதியும் எனக்குச் சொல்லவில்லை, மூன்றின் முரண் சொல்லியது.

கற்போர் அகராதிகள் பொதுவாக டீஸ் அவுட்டுக்குத் தரும் இடத்தை டீஸ் அபார்ட்டுக்குத் தருவதில்லை என்பது என் குறை. அறிவியல் எழுத்தில் இரண்டாவதுதான் அடிக்கடி எதிர்ப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் புரிந்துகொண்டது ஓர் ஆய்வுக்கூடத்தில்தான். பூஞ்சைத் தொற்று பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கையில் நேரில் பார்த்துவரச் சென்றிருந்தேன். கண்ணாடி வில்லையில் நீலச் சாயத்தின் ஒரு சொட்டு. அதில் பூஞ்சைத் திட்டிலிருந்து கிள்ளி வைத்த குன்றிமணி அளவுகூட இல்லாத துணுக்கு. பரிசோதகர் மரக்கைப்பிடி போட்ட இரண்டு ஊசிகளை எடுத்து, ஒன்றால் துணுக்கை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதன் நுனியால் வெளிப்புறமாக வருடினார். கட்டியாக இருந்தது விரிந்து, தனித்தனி இழைகளும் இழைகளில் தொங்கும் வித்துகளும் கலையாமல் பிரிந்தன. "இழுத்தா வித்து உதிர்ந்துடும் சார், அப்புறம் எந்தப் பூஞ்சைன்னு சொல்ல முடியாது" என்றார். அந்த ஊசிக்கே 'டீஸிங் நீடில்' என்றுதான் பெயர். அப்படித் தயாரித்த வில்லையை 'டீஸ் மவுன்ட்' என்கிறார்கள். அபார்ட் என்ற துணைச்சொல்லின் பொருள் அந்த மேசையில் இருந்தது: பின்னிக்கிடந்த இரண்டோ பலவோ பிரிகின்றன, பிரிந்த எல்லாமே நமக்கு வேண்டும், எதுவும் சிதையக் கூடாது.

அவுட் என்று வரும்போது கணக்கு வேறு. அங்கே ஒரு குவியலுக்குள் ஒன்று ஒளிந்திருக்கிறது, அது வெளியே வர வேண்டும். மீதியைப் பற்றிக் கவலையில்லை. அதனால்தான் டீஸ் அபார்ட்டுக்குப் பின்னால் ஒருமையில் ஒற்றைப் பொருளை வைத்தால் வாக்கியம் நொண்டுகிறது. 'இதையும் அதையும்' என்று இரண்டாவது இருந்தாக வேண்டும், அல்லது பல இழைகள் கொண்டதென்று தெரிந்த ஒன்று இருக்க வேண்டும். இரட்டையர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிறவிக் கூறு எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்பதை இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கலாம் என்று பிரான்சிஸ் கால்டன் 1875இலேயே எழுதினார். மரபணு முழுவதும் ஒன்றாக இருக்கும் ஒரு கரு இரட்டையரையும், உடன்பிறந்தார் அளவுக்கே ஒத்திருக்கும் இரு கரு இரட்டையரையும் ஒப்பிடும் முறை பின்னால் வளர்ந்தது. இரு வகையினரும் ஒரே வீட்டில்தான் வளர்கிறார்கள் என்பதால், முதல் வகையில் ஒற்றுமை கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதலுக்கு மரபைக் காரணமாகக் கொள்ள இடம் கிடைக்கிறது. இங்கே மரபை வெளியே எடுத்து வளர்ப்பைக் குப்பையில் போடுவது நோக்கம் இல்லை, இரண்டின் பங்கையும் தனித்தனியே பார்ப்பதே நோக்கம். எனவே அது டீஸ் அபார்ட். 'பிக் அபார்ட்' என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார், அவரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவரின் வாதத்தை பிக் அபார்ட் செய்வதென்றால் குறை கண்டு பிய்த்துப் போடுவது. நம் 'அக்கு வேறு ஆணி வேறாக' அந்த இடத்துக்கு ஏறக்குறையப் பொருந்தும், டீஸ் அபார்ட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இனித் தமிழ்ப் பக்கம். பிரிப்பதற்குச் சொல் இல்லாத மொழியா நம்முடையது? முறத்தில் புடைக்கிறோம், தெள்ளுகிறோம், கொழிக்கிறோம், சல்லடையில் சலிக்கிறோம், களத்தில் தூற்றுகிறோம், வயலில் களையெடுக்கிறோம். ஆங்கிலத்தில் 'சிஃப்ட்', 'வின்னோ', 'வீட் அவுட்' என்று வரும்போது இவற்றில் ஒன்று கைகொடுத்துவிடும். ஆனால் இவையெல்லாம் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளும் வேலைகள். இழையை அறுக்காமல் நெகிழ்த்தும் வேலைக்கு வேறு சொல் வேண்டும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு எப்போதும் என் வலப்பக்கம் இருக்கும், ஒரு தமிழ்ச்சொல் இன்று எந்த அளவுக்கு உயிரோடிருக்கிறது என்று நாடி பிடித்துப் பார்க்க அதைவிட நம்பகமான நூல் எனக்கில்லை. சிக்கெடுத்தல் என்பது தலைமுடிக்கும் நூலுக்கும் இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. பழஞ்சொல்லாகப் பஞ்சு பன்னுதல் என்று ஒன்று உண்டு, அம்மா திரிக்குச் செய்வாரே அதேதான். 'பன்னிப் பன்னிச் சொல்கிறான்' என்று வாயால் செய்வதற்கும் அதே வினை வழங்குகிறது. பனுவல் என்றால் நூலிழையும்தான், எழுதிய நூலும்தான். சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் நன்னூல் உருவகம் செய்திருப்பதும் நினைவுக்கு வந்தது. கம்பளிக்காரர்கள் போன வழியில் பஞ்சுக்காரர்களும் போயிருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேனே தவிர, இன்றைய அறிக்கையில் 'காரணிகளைப் பன்னினர்' என்று எழுதினால் தட்டச்சுப் பிழை என்று 'பண்ணினர்' ஆக்கிவிடுவார்கள் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

செயலியைக் கேலி செய்த எனக்கு ஒரு தலைக்குனிவும் காத்திருந்தது. கிண்டல் என்ற நம் சொல்லே கிண்டு என்னும் கைவேலையின் அடியில் பிறந்ததுதான். களி கிண்டுகிறோம், மண்ணைக் கிண்டுகிறோம், பேசாதவன் வாயைக் கிண்டிச் செய்தி வாங்குகிறோம், பிறகு ஆளையும் கிண்டல் செய்கிறோம். கையால் செய்யும் ஒரு வேலை கேலியாகவும் செய்தி வாங்குவதாகவும் கிளைத்த கதை இரண்டு மொழியிலும் நடந்திருக்கிறது. ஆனாலும் கிண்டுதல் அகப்பையின் வேலை, டீஸ் விரல்நுனியின் வேலை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது. ஆளிடமிருந்து செய்தி வரும் இடங்களில் 'பேச்சுக் கொடுத்து வரவழைத்தார்' என்று எழுதுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'போட்டு வாங்கினார்' என்பதில் சூழ்ச்சி கூடுதல், 'துருவிக் கேட்டார்' என்பதில் வன்மை கூடுதல்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், காலின்ஸ் மூன்றுமே இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கின்றன. ஒரு சொல்லுக்காக மட்டும் தேடுபவருக்கு அதுவே போதும். இருந்தாலும் இணையத்தை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் இடர் உண்டு: மாக்மில்லனின் இணைய அகராதி 2023 ஜூன் இறுதியோடு மூடப்பட்டுவிட்டது, அச்சுப் புத்தகம் வைத்திருப்பவரிடம் மட்டும் அது இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால், படிப்பவர் ஆக்ஸ்ஃபோர்டையும், ஆங்கிலத்தில் எழுதவேண்டிய தொழிலில் இருப்பவர் லாங்மேனையும் வாங்கலாம். ஃபிரேசல் வெர்புகளுக்கென்று தனியே செலவிடத் தயாராக இருப்பவர் கோபில்டை வாங்கலாம். பழைய பதிப்பானாலும் குறையில்லை, ஏனென்றால் இத்தகைய வினைகள் கைபேசிப் பெயர்களைப் போல ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. நூலின் இறுதியில் அவுட், அப், ஆஃப் போன்ற துணைச்சொற்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, ஒவ்வொன்றும் என்னென்ன பொருளில் வினைகளோடு சேருகிறது என்று இனம் பிரித்துக் காட்டுவது. அதை மட்டுமே விலைக்கு ஈடாகச் சொல்லலாம். அமெரிக்க நூல்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முடியை 'டீஸ்' செய்வதென்றால் அங்கே சீப்பை நுனியிலிருந்து வேர் நோக்கி வாரிச் சடையைப் புசுபுசுவென்று உப்பச் செய்வது, அதாவது சிக்கை வேண்டுமென்றே உண்டாக்குவது. அவுட் இல்லாமல் தனியே நின்றால் அந்தப் பொருள், அவுட் சேர்ந்தால் சிக்கெடுப்பது. ஒரு சிகையலங்காரக் குறிப்பில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நான் மொழிபெயர்த்தது அச்சுக்குப் போகுமுன் பிடிபட்டதே என் நல்லூழ்.

அறிக்கையின் வாக்கியத்துக்கு வருகிறேன். 'வறுமையின் விளைவும் தாயின் கல்வியின் விளைவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அவற்றைச் சிக்கெடுத்துத் தனித்தனியே காண ஆய்வாளர்கள் முயன்றனர்' என்று எழுதி அனுப்பினேன். பின்னிக் கிடப்பது மூலத்தில் சொல்லாக இல்லை, வினைக்குள் மறைந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து எழுதினால்தான் சிக்கெடுப்பது தமிழில் காலூன்றுகிறது. அறிக்கையைப் பார்வையிட்டவர் 'சிக்கெடுத்து' என்பதைச் சுழித்து, பக்க ஓரத்தில் 'பேச்சுவழக்கு?' என்று எழுதித் திருப்பியனுப்பினார். க்ரியாவில் அந்தச் சொல் இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். சுழி நீங்கியது, கேள்விக்குறி மட்டும் இன்னும் இருக்கிறது.